தில்லைநாயகத்தின் அடைப்புக்குறி

ஒரு காட்டில், கல்யாண மண்டபமும் சான்றிதழ் மையமும் வந்த பிறகு புல் மட்டும் கொஞ்சம் குறைந்துபோன ஒரு காட்டில், தில்லைநாயகம் என்றோர் அழுங்கு வாழ்ந்து வந்தார். அழுங்கைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். உடம்பு முழுக்க ஓடு வேய்ந்தது போலச் செதில் இருக்கும். சாப்பாடு எறும்பும் கரையானும். பயம் வந்தாலும் வெட்கம் வந்தாலும் பேச்சு பிடிக்காமல் போனாலும் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அப்புறம் யானையே வந்தாலும் பிரிக்க முடியாது.

தில்லைநாயகத்துக்கு வயது ஐம்பத்துமூன்று. கல்யாணம் இல்லை, உத்தியோகம் இல்லை. சொந்தமாக ஒரு வளை உண்டு, அதற்கும் கதவு இல்லை. ஆனாலும் அந்தக் காட்டில் வாழ்க்கை லட்சியத்தை முழுதாக முடித்துவிட்ட ஒரே பிராணி அவர்தான். இது அவருக்கு மட்டும் தெரியும்.

லட்சியம் இதுதான். காட்டின் நடுவே மொட்டைப் பாறை என்று ஒரு குன்று. அடிவாரத்தில் ஒரு நாவல் மரம். குன்றின் உச்சியில் சுருண்டு, எதிலும் முட்டாமல் உருண்டு வந்து, சரியாக அந்த மரத்தடியில் தானாக நிற்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் இந்த ஆசை வந்தது. முதல் வருடம் எருமைக் குட்டையில் விழுந்தார். ஏழாவது வருடம் புலி வீட்டு வாசலில் போய் நின்றார். நல்லவேளை, புலி நடைப்பயிற்சிக்குப் போயிருந்தது. பதினாறாவது வருடம் ஒரு யானைக் குட்டியின் காலில் முட்டினார். அது பந்து என்று நினைத்து உதைத்ததில் மறுபடி உச்சிக்கே போய்விட்டார். அன்றைக்கு ஏறுகிற சிரமம் மிச்சம்.

முப்பத்தோராவது வருடம், போன ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, எதிலும் முட்டாமல் வந்து நின்றார். மெல்லப் பிரிந்து பார்த்தார். நாவல் மரத்தடி. மூக்குக்கு நேரே ஒரு பழம் கிடந்தது. அழுங்கு பழம் தின்னாது. அதை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. காலையில் எறும்பு, மாலையில் கரையான், நடுவில் திருப்தி.

தொல்லை, தங்கச்சி மகள் கல்யாணத்தில் ஆரம்பித்தது.

தங்கச்சி உலகம்மாள் வீட்டுக்கு அவர் போனபோது பத்திரிகையின் மாதிரிப் பிரதியைத் தரையில் விரித்து மொத்தக் குடும்பமும் குனிந்திருந்தது. அந்தக் காட்டில் கல்யாணப் பத்திரிகை என்றால் உறவுக்காரர் பெயரெல்லாம் வரும். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு அடைப்புக்குறி வரும். அடைப்புக்குறிக்குள் அவர் யார் என்பது வரும். பெரியப்பா (கரையான் மொத்த வியாபாரம்). சித்தப்பா (நீர்நிலைத் துறை, ஓய்வு). மாப்பிள்ளையின் தம்பிக்குப் பிறந்து நான்கு மாதம் ஆகிறது, அவனுக்குக் கீழேகூட (எல்.கே.ஜி. சேர்க்கை உறுதி) என்று போட்டிருந்தார்கள்.

தாய்மாமன் தில்லைநாயகம் என்ற பெயருக்குக் கீழே அடைப்புக்குறி மட்டும் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

தங்கச்சி வீட்டுக்காரர் சொக்கலிங்கம் தொண்டையைச் செருமினார். "மச்சான், உங்களுக்கு என்னன்னு போடறது?"

"பேரு போட்டா போதாதா, மாப்ளே?"

"எனக்குப் போதும். சம்பந்தி ஏகாம்பரத்துக்குப் போதாதே. நேத்துப் பார்த்துட்டு, பொண்ணோட மாமாவுக்கு அச்சுல ஏதோ விட்டுப் போச்சு போலன்னு சொன்னார். நான் ஆமான்னு சொல்லிட்டேன்."

"உள்ளதைச் சொல்லுங்க. உருண்டுக்கிட்டு இருந்தேன். இப்ப முடிச்சுட்டேன்."

உலகம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, அதை வெளியில சொல்லிராதீங்க. அவங்க வீட்டுல மூணு பேரு அயல்காட்டுல இருக்காங்க."

விஷயம் அதோடு நிற்கவில்லை. இன்று சாயங்காலம் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. அதற்குள் அடைப்புக்குறி நிரம்பாவிட்டால், உலகம்மாளின் ஒன்றுவிட்ட தம்பி நல்லமுத்துவைத் தாய்மாமன் என்று போட்டுவிடுவதாகச் சொக்கலிங்கம் முடிவு செய்திருந்தார். நல்லமுத்துவுக்குக் கீழே (அயல்காடு) என்று போடலாம். அயல்காட்டில் அவர் ஒரு கரையான் புற்றுக்குக் காவல் இருக்கிறார். காவல் மட்டும்தான், தின்னக் கூடாது. மெலிந்துபோய் வருடத்துக்கு ஒருமுறை வருவார். ஊரே திரண்டு போய் அழைத்து வரும்.

யார் பெயர் தாய்மாமன் என்று அச்சாகிறதோ அவர்தான் முகூர்த்தத்தில் பெண்ணுக்கு மாமன் மாலை போட வேண்டும்.

மூலையில் உட்கார்ந்து செதிலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த கல்யாணப்பெண் செண்பகவல்லி தலையைத் தூக்கினாள். "நல்லமுத்து மாமா போன தடவை வந்தப்ப என்னை யாருன்னு கேட்டார். அவர் மாலையை யார் கழுத்துல போடுவார்னு எனக்கு நம்பிக்கை இல்ல. மாமா, சாயங்காலத்துக்குள்ள எதாவது ஆயிட்டு வாங்க."

"என்னம்மா ஆகணும்?"

"எதாவது. அடைப்புக்குறிக்குள்ள அடங்கற மாதிரி."

தில்லைநாயகம் எழுந்தார். முப்பத்தோரு வருடத்தில் யாருக்காகவும் எதுவும் ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை. ஆனால் செண்பகத்துக்கு நடை பழக்கியது அவர்தான். அவள் கழுத்துக்கு இன்னொருவன் கை போவதை நினைத்தபோது செதிலுக்கு அடியில் ஏதோ குறுகுறுத்தது. எறும்பாக இருக்குமோ என்று சொறிந்து பார்த்தார். எறும்பு இல்லை.

முதலில் அச்சகத்துக்குப் போனார். அச்சகம் மரங்கொத்தியுடையது. பலகையில் எழுத்தைக் கொத்திக்கொண்டே பேசுவதால் எந்தக் கேள்விக்கும் தலையாட்டுவது போலத் தெரியும்.

"அடைப்புக்குறியை எடுத்துட்டு வெறும் பேரை மட்டும் போடு, தம்பி."

"முடியாது அண்ணாச்சி. டெம்ப்ளேட் அப்படி. அடைப்புக்குறியை எடுத்தா கீழ இருக்கிற பேரெல்லாம் ஒரு படி மேல ஏறிடும். போன மாசம் ஒரு மான் வீட்டுப் பத்திரிகையில எடுத்தேன். மாப்பிள்ளை இடத்துக்குச் சமையல்காரர் வந்துட்டார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஆயிரம் பத்திரிகை அடிச்சாச்சு. அவருக்கே கட்டி வச்சாங்க. சந்தோஷமாத்தான் இருக்காங்க."

"சரி, (உருண்டு முடித்தவர்) அப்படின்னு போடு."

மரங்கொத்தி கொத்துவதை நிறுத்தியது. "சான்றிதழ் இருக்கா? இப்பல்லாம் சான்றிதழ் இல்லாம அடைப்புக்குறிக்குள்ள எதுவும் போடக் கூடாது. ஒரு காக்கா டாக்டர்னு போட்டுக்கிச்சு. பந்தியில ஒரு நரிக்கு விக்கல். டாக்டரைக் கூப்பிட்டாங்க. அதுவும் போய்ப் பார்த்துச்சு. விக்கல் நின்னுடுச்சு. நரியும் நின்னுடுச்சு."

எனவே தில்லைநாயகம் சான்றிதழ் மையத்துக்குப் போனார். மையம் ஒரு சரிவின் அடியில் இருந்தது. வரிசை சரிவின் மேலிருந்து தொடங்கியது. டோக்கன் எண் நாற்பத்தொன்று. அவருக்கு முன்னால் ஒரு மயில் நின்றது.

"நடனச் சான்றிதழ் புதுப்பிக்க வந்தேன்," என்றது மயில், கேட்காமலே. "இருபது வருஷமா ஆடறேன். மேகம் வந்தா ஆடியே ஆகணும். எனக்கு மழை ஒத்துக்காது. சளி பிடிக்கும். எங்கப்பா ஆடினார், தாத்தா ஆடினார், பக்கத்து வீட்டுல எல்லாரும் ஆடறாங்க. எனக்குப் பிடிச்சது சும்மா வேலியில உட்கார்ந்து போறவங்களைப் பார்க்கறது."

"அதைச் செய்யறதுதானே?"

"அதுக்கு யாரு பரிசு கொடுப்பாங்க?" மயில் மூக்கை உறிஞ்சியது. "நீங்க எந்தத் துறை?"

தில்லைநாயகம் சுருண்டுகொண்டார்.

வரிசையில் நிற்கும்போது சுருண்டுகொள்வது வேறு. சரிவில் நிற்கும் வரிசையில் சுருண்டுகொள்வது வேறு. அவர் மெல்ல நகர்ந்தார். பிறகு வேகமாக நகர்ந்தார். முயல்கள் குதித்து விலகின. ஒரு காட்டுப்பன்றி, "டோக்கன் பிரகாரம் வாங்கய்யா," என்று கத்தியது. உருளும்போது அவருக்குள் பழைய யோசனை ஒன்றும் சேர்ந்து உருண்டது. உண்மையிலேயே நாம் ஜெயித்தவர்தானா? பெரியதுக்குப் பயந்துகொண்டுதான் இந்தச் சின்னதைப் பிடித்துக்கொண்டோமோ? மயிலாவது சளியோடு ஆடுகிறது. நாம் எதைத் தாங்கிக்கொண்டோம்? யோசனை முடிவதற்குள் கவுண்ட்டர் வந்துவிட்டது. நாற்பது பேரைத் தாண்டி, கம்பிக்கு ஒரு விரற்கடை முன்னால், முட்டாமல் நின்றார்.

உள்ளே உடும்பு உட்கார்ந்திருந்தது. அது ஒரு தாளைப் பிடித்தால் விடாது என்பதற்காகவே அந்த வேலை கொடுத்திருந்தார்கள்.

"அடுத்தது," என்றது உடும்பு, தலையைத் தூக்காமல். "படிவத்துல நாலு கட்டம் இருக்கு. ஒண்ணுல மட்டும் டிக் பண்ணுங்க."

படிவத்தில் இப்படி இருந்தது. ஒன்று, வேலையில் இருப்பவர். இரண்டு, வேலை தேடுபவர். மூன்று, ஓய்வு பெற்றவர். நான்கு, காலமானவர்.

"இதுல நான் இல்லையே," என்றார் தில்லைநாயகம்.

"எல்லாரும் இருப்பாங்க சார். நல்லாப் பாருங்க. வேலையில இருக்கீங்களா?"

"இல்ல."

"தேடறீங்களா?"

"இல்ல."

"அப்ப ஓய்வு. எந்த வேலையிலேர்ந்து ஓய்வுன்னு உத்தரவு நகல் கொடுங்க."

"வேலை எதுவும் பார்க்கல. ஒரு காரியம் செஞ்சேன். நானா நினைச்சது. அது முடிஞ்சிருச்சு."

உடும்பு இப்போதுதான் நிமிர்ந்தது. அதற்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்தியது. "ஆலோசகர்னு போட்டுடட்டுமா? முதல் கட்டத்துல அடங்கும். உங்களை மாதிரி வர்றவங்க நிறையப் பேரு அதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க. இந்த மாசம் மட்டும் அறுபது ஆலோசகர்."

தில்லைநாயகத்துக்கு ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. தாய்மாமன் தில்லைநாயகம் (ஆலோசகர்). கேட்க நன்றாகவே இருந்தது. ஏகாம்பரம் வாயடைத்துப் போவார்.

"யாராவது ஆலோசனை கேட்டு வந்தா?"

"உருளச் சொல்லிக் கொடுங்க."

"வேண்டாம். அடிபடும். எனக்கே நாலு தடவை செதில் பேந்துச்சு. ஆசைப்படாதவனை உருளச் சொன்னா பாவம்."

உடும்பு பெருமூச்சு விட்டது. "சரி, நானே கேட்டு நிரப்பிடறேன். வாழ்க்கையில நினைச்சது எல்லாம் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"இனிமே எதாவது ஆகணும்னு இருக்கா?"

"இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருக்கு. அப்புறம் இல்ல."

"யாரு மேலயாவது பொறாமை?"

தில்லைநாயகம் நேர்மையாக யோசித்தார். "இல்ல."

"பக்கத்து வீட்டுக்காரன் பெரிய வளை தோண்டினா தூக்கம் வருமா?"

"நல்லா வரும்."

"அப்ப நாலாவதுதான் சார்," என்றது உடும்பு. "நாலாவதைத் தவிர வேற எதுலயும் நீங்க பொருந்தல."

"ஆனா நான் உயிரோட இருக்கேனே."

"அதைப் பத்திப் படிவத்துல கேள்வியே இல்லையே."

சரிவில் நாற்பது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். சூரியன் மேற்கே சாய்ந்துவிட்டது. தில்லைநாயகம் நான்கு கட்டங்களையும் மறுபடி பார்த்தார். முதல் மூன்றும் பொய்யாக இருக்கும். நான்காவதும் பொய்தான். ஆனால் மற்ற மூன்றைப் போல அது நாளைக்கு இன்னொரு பொய் கேட்காது. டிக் செய்தார். உடும்பு முத்திரை குத்தியது.

"கையெழுத்து போடுங்க."

"காலமானவர் கையெழுத்து போடலாமா?"

"போடாம எப்படி நாங்க நம்பறது?"

மரங்கொத்தி சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தது. "இது சரியான சான்றிதழ் அண்ணாச்சி. இதுக்கு டெம்ப்ளேட்டுல தனி இடமே இருக்கு." ஏழு கொத்தில் முடித்துவிட்டது. தாய்மாமன் தில்லைநாயகம் (லேட்).

வீட்டில் உலகம்மாள் பத்திரிகையைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே அண்ணனுக்குத் தட்டு வைத்தாள். சொக்கலிங்கமோ முகம் மலர்ந்துவிட்டார்.

"மச்சான், இது உங்களுக்கு முன்னாடியே தோணியிருந்தா இவ்வளவு அலைச்சல் இல்ல. அவங்க பக்கம் லேட் நாலு பேரு. நம்ம பக்கம் மூணுதான் இருந்துச்சு. லேட் அதிகமா இருந்தாத்தான் பழைய குடும்பம்னு மதிப்பாங்க. இப்ப நாலுக்கு நாலு."

செண்பகம் பத்திரிகையை வெகுநேரம் பார்த்தாள். "மாமா, முகூர்த்தத்துக்கு வருவீங்கல்ல?"

"சாப்பாடு போடுவீங்கல்ல?"

கல்யாண நாள் காலையில் தில்லைநாயகம் குளித்து, செதில்களைத் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். வரவேற்பில் இருந்த மைனா பெயரைக் கேட்டது. சொன்னார். மைனா பத்திரிகையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, எழுந்து நின்றது. மற்றவர்களுக்கு ஒரு கல்கண்டு, அவருக்கு மூன்று.

சம்பந்தி ஏகாம்பரம் ஓடி வந்தார். "நீங்கதான் பத்திரிகையில..."

"ஆமாங்க."

"கேட்டு ரொம்ப வருத்தப்பட்டோம்."

"பரவாயில்ல. சட்டுனு முடிஞ்சிருச்சு."

"உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் ஏகாம்பரம். போன வாரம் வரை ஒன்றுமே கேள்விப்பட்டதில்லை. "எத்தனை பேருக்கு வளை தோண்டிக் கொடுத்தவர். எத்தனை குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினவர்."

"அதெல்லாம் இல்லைங்க. நான் உருண்டுக்கிட்டு இருந்தேன்."

ஏகாம்பரம் பின்னால் நின்ற உறவினர்கள் பக்கம் திரும்பினார். "பாருங்க, என்ன அடக்கம். செத்த பிறகும் ஒரு கர்வம் இல்ல."

உறவினர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஐந்து நிமிடத்துக்குள் தில்லைநாயகம் இரண்டு குளம் வெட்டியிருந்தார், ஒரு வெள்ளத்தில் பதினோரு முயல்களைக் காப்பாற்றியிருந்தார், பெரிய பதவி ஒன்று வீடு தேடி வந்தபோது வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கடைசியாகச் சொன்னது மட்டும் ஒரு வகையில் உண்மை. அதனால் அதை மட்டும் அவர் மறுக்கவில்லை.

மேடையில் சிக்கல் வந்தது. மாமன் மாலைக்கு நேரம் ஆனதும் தில்லைநாயகம் படியேறினார். சடங்கு நடத்திய கொக்கு ஒற்றைக் காலை உயர்த்தித் தடுத்தது.

"காலமானவர் மாலை போட முறையில இடமில்ல. உயிரோட இருக்கிற மாமன் யாராவது இருந்தா வாங்க."

அயல்காட்டு நல்லமுத்து முன்வரிசையிலிருந்து எழுந்தார். நடந்து வந்தார். மாலையைக் கையில் எடுத்தார். மேடையைச் சுற்றிப் பார்த்து, "இதுல பொண்ணு யாரு?" என்று கேட்டார்.

தில்லைநாயகத்துக்கு உடம்பு உள்பக்கமாக மடியத் தொடங்கியது. தலை வயிற்றுக்குள் போய்விட்டது. இன்னும் வால் மட்டும்தான் பாக்கி. அப்போது செண்பகம் பேசினாள்.

"சாமி, பத்திரிகையில முதல் வரி என்னன்னு படிங்க."

கொக்கு படித்தது. "தெய்வமாகிவிட்ட முன்னோர்களின் நல்லாசியுடன்."

"செத்தவங்க ஆசி செல்லும்ல?"

"அது இல்லாம கல்யாணமே இல்லையே."

"ஆசி மட்டும் செல்லும், அதைக் கொண்டு வர்ற கை செல்லாதா?"

கொக்கு காலை மாற்றி நின்று யோசித்தது. அது யோசித்து முடிப்பதற்குள் ஏகாம்பரம் மேடை ஏறிவிட்டார்.

"சாமி, குறுக்க நிக்காதீங்க. ஊர்ல எல்லா வீட்டுக் கல்யாணத்துக்கும் முன்னோர் ஆசி படத்துலேர்ந்துதான் வருது. நம்ம வீட்டுக்கு ஆளே நேர்ல வந்திருக்கார். இந்தக் கௌரவம் எவனுக்குக் கிடைச்சிருக்கு? நல்லமுத்து தம்பி, மாலையை அவர்கிட்ட கொடுத்துட்டுப் போய் உட்காருங்க. உயிரோட இருக்கிறவன் எங்க வேணும்னாலும் கிடைப்பான்."

தில்லைநாயகம் தலையை வெளியே எடுத்தார். மாலை கைக்கு வந்தது. கனமாக இருந்தது. செண்பகம் கழுத்தை நீட்டினாள்.

"மாமா, கஷ்டமா இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லம்மா. ரொம்ப லேசா இருக்கு."

"எனக்கும் அந்தச் சான்றிதழ் ஒண்ணு வாங்கித் தர்றீங்களா?"

"அலைய வேண்டாம். கல்யாணமாகி ஒரு வருஷத்துல வீட்டுக்கே அனுப்பிடுவாங்க."

அவள் சிரித்ததில் மாலை கொஞ்சம் கோணலாக விழுந்தது. மேளம் கொட்டியது. அதன் பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் அவர் காலில் விழுந்தார்கள். அதைப் பார்த்து ஏகாம்பரம் வீட்டார் விழுந்தார்கள். அதைப் பார்த்துச் சொக்கலிங்கம், போன வாரம் அவர் பெயரையே எடுத்துவிடப் பார்த்த சொக்கலிங்கம், இடம் கிடைக்காமல் பக்கவாட்டில் விழுந்தார். விழுந்து எழுந்தவர்களில் ஆறு பேர் சான்றிதழ் மையம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று ரகசியமாக விசாரித்துக்கொண்டார்கள்.

முதல் பந்தியில், வரிசையின் தலைமாட்டில், அவரை உட்கார வைத்தார்கள். கரையான் பொரியல், எறும்புப் பச்சடி, இரண்டு வகைப் பாயசம். பக்கத்தில் மாப்பிள்ளையின் அத்தை உட்கார்ந்திருந்தாள். காது மந்தம், பார்வை கூர்மை. அவர் சாப்பிடுவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்திரிகை பார்த்தேன் தம்பி," என்றாள். "செத்ததெல்லாம் சரி. அதுக்கப்புறம் என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

பரிமாறிய கரடி கரண்டியைத் தூக்கியபடி நின்றது.

தில்லைநாயகம் வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார்.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன் அத்தை."

அத்தை தலையசைத்தாள். திருப்திதான் என்று தெரிந்தது.

"நல்ல வேலைதான். நிரந்தரமா, தற்காலிகமா?"

நீதி: வாழ்க்கையில் நினைத்ததை முடித்துவிட்டவர் அதை ஊருக்கு விளக்கிக்கொண்டு திரியக் கூடாது. முறைப்படி காலமாகி, முத்திரை வாங்கிக்கொண்டு, முதல் பந்திக்கு வந்து உட்கார்ந்துவிட வேண்டும்.